தென்முனை கண்ட அமுண்ட்சென்

நார்வே நாட்டில், கப்பல் உரிமையாளர் குடும்பம் ஒன்றில், 1872ஆம் ஆண்டு ரோவால்டு அமுண்ட்சென் பிறந்தார். தம் மைந்தர் மருத்துவராதல் வேண்டும் என்பது அன்னையாரின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ பனிக்கடலை நாடியது. ஜான் பிராங்கிளின் என்னும் ஆங்கிலேயர் வடதிசையிற் பட்ட இன்னல்களைப் படித்த நாள்முதல், அவ்வின்னல்களுக்கு உடலைப் பழக்கலானார். கடுங்குளிர்க் காலத்திலும் பலகணிகளைத் திறந்து வைத்தே உறங்குவார். காரணம் வினவிய அன்னையாரிடம் தூய காற்றில் விருப்பம் என்று கூறினாரேயன்றி, உண்மையை உரைத்தாரில்லை. 1893இல் அன்னையார் மறைந்தபின் மருத்துவக் கல்வியைக் கைவிட்டார்.

1896ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தமையனாருடன் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடக்க முயன்றார். உணவு தொலைந்தது, வழியும் தவறியது. ஓரிரவு, வெண்பனியிற் குழி தோண்டி அதனுட் படுத்தார். ஈரப்பனி மேலே பொழிந்து இறுகிவிட்டது. விழித்தபோது கையையும் அசைக்க இயலவில்லை. குரலும் வெளியே கேட்கவில்லை. தமையனார் நெடுநேரம் தோண்டி அவரை மீட்டார். தாய்நாட்டு மேட்டுநிலமே இவ்வாறு உயிரைக் கேட்டது எனின், துருவம் எத்தகையதாக இருக்கும்!

பின்னர் பெல்ஜிகா என்னும் கப்பலில் தென்கடல் சென்றார். 1898ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் அக்கப்பல் பனியிற் சிக்கிக் கிடந்தது. ஸ்கர்வி நோய் கப்பலோரை வாட்டியது. சீல், பெங்குவின் ஆகியவற்றின் புதிய இறைச்சியே அந்நோய்க்கு மருந்தாயிற்று.

1903இல் அறுவர் துணையுடன் யோவா என்னும் சிறு கப்பலில் வடமேற்கு வழியைத் தேடிப் புறப்பட்டார். வழியில், கிங் வில்லியம் தீவில் இரு குளிர்காலங்கள் தங்கினார். 1845இல் புறப்பட்ட பிராங்கிளினும் உடன் சென்றோருமாக 129 பேர் மாண்டனர், அவருட் பெரும்பாலோர் அத்தீவிலும் அதனை அடுத்த பகுதிகளிலுமே உயிர் நீத்தனர். அதே நிலத்தில் நெட்சிலிக் இனுயிட் மக்கள் மக்கட்பேற்றுடன் வாழ்ந்திருந்தனர். அமுண்ட்சென் அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். மான்தோல் ஆடையைத் தளர்வாக அணிந்தால் வியர்வை தேங்காது என்றும், தேங்கிய வியர்வை உறைந்தால் உயிருக்கு இடர் என்றும் அறிந்தார். இறுகிய பனியை நீண்ட கத்தியாற் பாளம் பாளமாக அறுத்து, சுருளாக உட்சாய்த்து அடுக்கி வீடு கட்டும் முறையை முதியவர் ஒருவர் கற்பித்தார். கப்பலில் வெப்பமான அறை இருந்தும், இவர்கள் நாள்தோறும் வெளியே சென்று கட்டிப் பழகினர். முதலிற் கட்டியவை கோணலாகவே நின்றன. நாய்களைச் சறுக்கு வண்டியிற் பூட்டி ஓட்டவும் கற்றனர். 1906இல் வடமேற்கு வழியைக் கப்பலிற் கடந்த முதல்வரானார்.

1910இல் பிராம் கப்பலில் வடக்கே செல்வதாக அறிவித்துத் தெற்கே சென்றார். இம்மறைவைக் குறை கூறுவோர் உளர், அக்குறை பொருந்துவதே. 1911இல் திமிங்கில விரிகுடாவில் இறங்கியவுடன் தென்முனை நோக்கி விரையவில்லை. 80, 81, 82 பாகைகளில் உணவுக் கிடங்குகள் அமைத்தார். 80ஆம் பாகைக் கிடங்கின் இருபுறமும் குறுக்காக நெடுந்தொலைவு கொடிகள் நட்டார். பனிமூட்டத்தில் வழி விலகி வருவோரும் ஏதேனும் ஒரு கொடியைக் கண்டு கிடங்கை அடைவர் அல்லரோ? இருள் சூழ்ந்த குளிர்காலத்தில் வண்டிகளைச் செதுக்கி எடை குறைத்தனர். காலணிகளைப் பன்முறை பிரித்துத் தைத்தனர்.

இத்துணை முன்னேற்பாடு செய்தவரும் ஒருமுறை பொறுமை இழந்தார். செப்டம்பர் 8ஆம் நாள், பருவம் வருமுன் புறப்பட்டார். குளிர் உறைநிலைக்குக் கீழே 50 பாகையையும் கடந்தது. சிலர் பாதங்கள் உறைந்து புண்ணாயின, நாய்கள் மடிந்தன. பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினார்.

அக்டோபரில் ஐவர், 52 நாய்களுடன் மீண்டும் புறப்பட்டனர். 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்முனையை அடைந்தனர். 1912 சனவரி 25ஆம் நாள் ஐவரும் நலமே திரும்பினர். நாய்களுள் 11 மட்டுமே மீண்டன. பலவற்றை உணவுக்காகக் கொன்றனர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. சனவரி 17இல் தென்முனை சேர்ந்த ஸ்காட் என்பாரும் தோழர் நால்வரும் திரும்பும் வழியில் மாண்டனர்.

1928ஆம் ஆண்டு சூன் திங்களில், வடகடற் பனியில் வீழ்ந்த வான்கப்பலின் தலைவர் நோபிலேயைத் தேடி அமுண்ட்சென் விமானத்திற் சென்றார். முன்னர் அவருடன் பிணக்குற்றிருந்தும் சென்றார். அவ்விமானம் திரும்பவில்லை.