பட்டறைக்கு வந்த பேராசிரியர்

ஜெர்மனியில் ஐசனாக் நகரம். அங்கே ஒரு நூற்பாலைத் தொழிலாளி. தினம் 14 மணி நேரம் நின்றபடியே வேலை! மகன் கொண்டுவரும் சாப்பாட்டை இயந்திரத்தில் சாய்ந்தபடி அவசரமாக விழுங்குவார்.

அந்த மகன்தான் எர்ன்ஸ்ட் அபே. 1840-ல் பிறந்தவர். வறுமையிலும் படித்து, யேனா பல்கலைக்கழக ஆசிரியர் ஆனார்.

அவ்வூரில் கார்ல் சைஸ் என்பவர் மைக்ராஸ்கோப் செய்துவந்தார். லென்சுகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே அன்றைய வழக்கம். 1866-ல் அவர் அபேயை நாடினார். அபே கணக்குப் போட்டுக் கொடுத்தார். மைக்ராஸ்கோப் தெளிவாகக் காட்டியது.

ஆனால் கணக்குக்கு ஏற்ற கண்ணாடி இல்லை. ரசாயன நிபுணர் ஓட்டோ ஷாட்டுடன் சேர்ந்து, 1884-ல் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். புதுவகைக் கண்ணாடிகள் பிறந்தன. செல்வம் சேர்ந்தது.

அபே தமது பங்கை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பல்கலைக்கழகமும் பயன்பெற்றது. 1900-ல் சைஸ் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலை வந்தது. 1905-ல் அபே மறைந்தார்.

அப்பா நின்ற 14 மணி நேரத்தை மகன் மறக்கவே இல்லை!