காவியகண்ட கணபதி முனிவரின் இல்லறமும் தவமும்

கல்லூரி வாழ்வின் இறுதியாண்டை நெருங்கும் மாணாக்கர் நெஞ்சில் ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. வயிற்றுப்பாட்டிற்குரிய தொழில் ஒருபுறமும், உள்ளம் நாடும் பணி ஒருபுறமும், மனையும் மக்களும் ஒருபுறமுமாக நின்று இழுக்க, ஒருவன் இம்மூன்றையும் எங்ஙனம் ஏந்துவது என்பதே அவ்வினா. தமிழ் பயிலும் எம்மைக் கண்டவிடத்தெல்லாம் உற்றார் கேட்பதும் ஏறக்குறைய இதுவே. இதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் உத்தியோகத்தில் உயர்ந்தோர் சரித்திரங்களையே புரட்டுவர். யாமோ திருவண்ணாமலைக் குகையொன்றிலே அமர்ந்து பாப்புனைந்த குடும்பத்தார் ஒருவரை எடுத்துக்கொண்டோம். அவரைத் துறவியென எண்ணுவார் பலர். அவர் துறவியல்லர், மனைவியும் மக்களும் உடையவர், ஊதியம் பெற்றுப் பள்ளியில் கற்பித்தவர்.

வட ஆந்திர நாட்டிலே பொப்பிலியை அடுத்த கலுவராயி என்னும் சிற்றூரில், 1878 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நரசிம்ம சாத்திரியாருக்கு மகனாகப் பிறந்தார் கணபதி. ஐந்தாண்டு நிரம்புமளவும் இப்பிள்ளை வாய்திறந்து பேசவில்லை என்பர். பின்னர் நாவரசராய் விளங்கியவரின் தொடக்கம் இது! பேச்சு வந்தபின் கல்வி வெள்ளம்போற் பெருகியது. பத்து வயதில் வடமொழியிற் செய்யுள் யாத்தார்; பஞ்சாங்கம் கணித்தார்; பதினான்கு வயதிற்குள் காவியங்களும் இலக்கணமும் அணிநூல்களும் கற்றுத் தேர்ந்தார். இதிகாசங்களைப் படித்த அவ்விளைஞருக்கு முனிவர்களின் தவ வாழ்விலே தணியாத வேட்கை பிறந்தது.

இதற்கிடையே, அந்நாளைய வழக்கப்படி, இளமையிலேயே அவருக்கு மணம் முடிந்துவிட்டது. மணமகளின் பெயர் விசாலாட்சி. இவ்வம்மையாரைப் பற்றி நூல்கள் மிகச் சுருங்கவே பேசுகின்றன. ஆயினும் அவை தரும் ஒரு செய்தி பொன்போற் போற்றத்தக்கது. தவம் செய்யப் புறப்படும் எண்ணத்தைக் கணவர் வெளியிட்டபோது அம்மையார் அழுது தடுத்தாரல்லர், வாய்மூடி இசைந்தாருமல்லர். தமக்கும் தவ வேட்கை உண்டெனக் கூறி, ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார் என்ப. ஆண்டில் ஒருபாதி கணவர் தவத்திற்குச் செல்லலாம். மறுபாதி இல்லத்தில் இருத்தல் வேண்டும். மக்கள் இருவர் பிறந்தபின் தாமும் தம் தவத்தை மேற்கொள்ளத் தடையிருத்தலாகாது. இவையே அவ்வுடன்படிக்கையின் சாரம். வாழ்க்கைத் துணைவர் இருவர் முன்னதாகவே அமர்ந்து பேசித் தத்தம் வேட்கைக்குரிய பங்கை வகுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கிராமத்து வைதிகக் குடும்பமொன்றில் நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

பதினெட்டாம் வயதளவில் புறப்பட்ட கணபதியார் காசி, நாசிகை, புவனேசுவரம் முதலிய தலங்களிலே தவமியற்றினார். 1900 ஆம் ஆண்டில் வங்கநாட்டு நவத்வீபத்திலே புலவர் பேரவை ஒன்று கூடிற்று. நியாய நூற்கல்விக்குப் பெயர்போன அந்நகரில், தலைமைப் புலவராகிய அம்பிகாதத்தர் முன்னிலையில், கொடுத்த பொருளுக்கு அக்கணமே கவிபாடி வென்றார் இத்தென்னாட்டிளைஞர். காவியகண்டர் என்னும் பட்டம் அங்குக் கிடைத்ததே. காவியத்தைக் கண்டத்திலேயே, அஃதாவது தொண்டையிலேயே, உடையவர் என்பது அதன் பொருள். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டும் நிரம்பவில்லை.

பட்டம் உலையிலேறி வேகுமா? 1903 ஆம் ஆண்டில் தவத்தின் பொருட்டுத் திருவண்ணாமலை வந்த சாத்திரியார், மலைமீது மோனத்தில் ஆழ்ந்திருந்த பிராமண சுவாமி என்னும் இளந்துறவியை இருமுறை கண்டு மீண்டார். அதன்பின் வேலூரிலே பள்ளி ஆசிரியர் வேலையொன்றை ஏற்றார். திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடையே புகைவண்டியிற் சிறிது நேரப் பயணமே. இவ்வேலையை அவர் வெறுஞ் சோற்றுத் தொழிலாகக் கருதவில்லை என்பதை நண்பர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும். மாணாக்கரும் நகரத்தாரும் அவரைச் சூழ்ந்தனர். மந்திர சாதனையால் நாட்டையே உயர்த்தலாம் என்ற பெருங்கனவோடு அவர்களை ஒரு குழுவாக்கினார். கனவு கைகூடவில்லை. ஆயினும் வகுப்பறையையும் தம் உள்ளத்து வேட்கையையும் இருவேறு உலகங்களாக அவர் பிரித்து வைக்கவில்லை. வேலூர் வாழ்க்கையில் எம்மைக் கவர்வது இதுவே.

எனினும் உள்ளம் அமைதியுறவில்லை. 1907 ஆம் ஆண்டில் வேலையை விடுத்து மீண்டும் அண்ணாமலை சேர்ந்தார். கோடிக்கணக்கில் மந்திரம் உருவேற்றியும் தவமென்பது யாதென விளங்காத ஏக்கம் அவரை வாட்டியது. நவம்பர் 18 ஆம் நாள். கார்த்திகைத் திருவிழாக் காலம். ஊர் முழுதும் அடியார் கூட்டம். நண்பகல் வெயிலில் மலையேறி, விரூபாட்ச குகையின் புறத்தே தனித்திருந்த அத்துறவியின் திருவடிகளில் வீழ்ந்தார். அவரோ சாத்திரியாரினும் ஓராண்டு இளையவர், பட்டமொன்றும் பெறாதவர். நெடுநேரம் நோக்கியிருந்த துறவி, நானென்னும் நினைவு எங்கே தோன்றுகின்றதென்று ஆராய்ந்தால் மனம் அங்கே ஒடுங்கும். அதுவே தவம் எனச் சுருங்கச் சொன்னார். மந்திரம் ஓதுவார்க்கு, அவ்வொலி எழும் இடத்தை நோக்குதலே தவம் எனவும் கூறினார். துறவியின் இயற்பெயர் வேங்கடராமன் என்பதைத் தொண்டர் பழனிசுவாமி வாயிலாக அறிந்த சாத்திரியார், ரமண மகரிஷி எனச் சுருக்கிப் பெயரிட்டார். இன்று உலகறிந்த அப்பெயர் இவர் வைத்ததே. பின்னர் மாமரக் குகையிலே தங்கி, உமாதேவியின்மேல் ஆயிரம் சுலோகங்களை இருபது நாளிற் பாடி முடித்தார்.

இவ்விடத்தில் எமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. ஆயிரம் சுலோகம் எழுந்த அவ்விருபது நாளும் வீட்டில் அடுப்பெரித்தவர் யார்? குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்தரைத்தவர் யார்? சரித்திரம் எழுதினோர் சுலோகங்களை எண்ணினர், இவற்றை எண்ணவில்லை. சாத்திரியார் தொழிலையும் தவத்தையும் இல்லறத்தையும் இசைவித்தார் எனப் புகழ்வோர், அவ்விசைவின் ஒரு நுனியை விசாலாட்சி அம்மையார் தம் கையில் இறுகப் பற்றியிருந்தார் என்பதை மறத்தல் நீதியன்று.

அம்மையார் தம் பங்கை மறந்தாரல்லர். மகரிஷியிடம் சாத்திரியாரும் பிறரும் 1913 முதல் 1917 வரை கேட்டறிந்தவற்றைச் சாத்திரியார் பதினெட்டு அத்தியாயங்களில் முந்நூறு சுலோகங்களாக யாத்தார். ரமண கீதை எனப்படும் அந்நூலின் பதின்மூன்றாம் அத்தியாயம் விசாலாட்சி அம்மையாரின் வினாக்களால் எழுந்தது. 1917 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் கணவரின் வாயிலாகவே இவ்வினாக்களை அவர் விடுத்தார். தன்னிலை நிற்றலுக்கு இல்லறம் தடையாயின், பெண்ணொருத்தி துறவு பூணுதல் நூல்களுக்கு ஒக்குமா? உயிருள்ளபோதே வீடுபேறெய்திய பெண் இறந்தால் அவள் உடலை எரிப்பதா, அடக்கம் செய்வதா? பக்குவமெய்திய பெண்ணுக்குத் துறவு விலக்கன்று. வீடுபேற்றில் ஆண் பெண் வேற்றுமையில்லை. அத்தகையாளின் உடல் கோயிலாதலின் அதனை எரித்தலாகாது என விடை வந்தது. மனைவி கேட்ட வினாவைக் கணவர் தாமே எடுத்துச் சென்று, வந்த விடையைச் செய்யுளாக்கித் தம் நூலில் நிலைநிறுத்தினார். இளமையிற் செய்த உடன்படிக்கையைச் சாத்திரியார் எவ்வளவு மதித்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்விடை ஏட்டோடு நிற்கவில்லை. 1922 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் மகரிஷியின் அன்னையார் அழகம்மாள் மறைந்தபோது, பெண்ணொருவரின் உடலைத் துறவியர் முறைப்படி அடக்கம் செய்யலாமோ என்ற ஐயம் எழுந்தது. அப்பொழுது நினைவிற்கு வந்தது 1917 ஆம் ஆண்டு விடையே. மலையின் தென்னடிவாரத்தில் அன்னையார் அடக்கமாயினார். அவ்விடத்தைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949 ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அங்கு வந்து வணங்குவோருள் விசாலாட்சி என்னும் பெயரை அறிந்தார் சிலரே.

சாத்திரியாரின் பிற்பகுதி வாழ்வை விரிப்பிற் பெருகும். தீண்டாமைக்கு வேதத்தில் இடமில்லை என வைதிகர் நடுவே வாதித்தார். பெண்டிர்க்கு வேத உரிமை உண்டென நிறுவினார். முனிவர் என அன்பரால் அழைக்கப்பெற்றார். அம்மையார் 1926 ஆம் ஆண்டிற் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1929 இல், முனிவர் திருவண்ணாமலையை விட்டு நீங்கிக் கன்னட நாட்டுச் சிரசியிற் சிலகாலம் வதிந்தார். பின்னர் வங்கநாடு சென்றார். 1936 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள், கரக்பூரை அடுத்த நிம்புராவில், மலையையும் குகையையும் காணாத தொலைவிலே அவர் உயிர் நீத்தார்.