யாழ்ப்பாணத்து அடிமைகளும் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனும்

அடிமை என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் நினைவு அமெரிக்காவுக்குத்தான் ஓடும். பருத்தித் தோட்டங்கள், ஆபிரகாம் லிங்கன், 1861 முதல் 1865 வரை அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட உள்நாட்டுப் போர், அதில் மாண்ட ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆகிய இவையெல்லாம் பாடசாலையிலே படித்தவை. ஆனால் நமது புகையிலைத் தோட்டங்களிலும் பனங்காணிகளிலும் மனிதர் மனிதரை உடைமையாக வைத்திருந்ததையும், காணி பூமியோடு சேர்த்துச் சீதனமாகக் கொடுத்ததையும், உறுதி எழுதி விற்றதையும் எத்தனை பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நமது முன்னோரின் வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையை எடுத்துப் பாருங்கள். அடிமைகளுக்கென்று அதிலே தனிப்பகுதி உண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், சோழமண்டலக் கரையிலே பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ஈராண்டுக்குள் 3,500க்கு மேற்பட்டோர் அடிமைகளாகக் கடல்கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தலைக்கு இவ்வளவென்று தீர்வையும் அறவிடப்பட்டது.

இந்த அடிமைத்தளையை முதலில் அசைத்துப் பார்த்த ஒரு மனிதரின் வரலாற்றை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் கத்தோலிக்கராகிய நாம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஏன் என்பதைப் பின்னர் காண்பீர்கள்.

அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் 1775இல் ஸ்கொத்லாந்திலே பிறந்தவர். தந்தை சாமுவேல் ஜோன்ஸ்ரன் கிழக்கிந்தியக் கும்பனியின் உத்தியோகத்தராக மதுரைக்கு வந்தமையால், பிள்ளையின் இளமை மதுரையிலே கழிந்தது. தஞ்சாவூரிலே புகழ்பெற்றிருந்த லுத்தரன் போதகர் சுவார்ட்ஸ் அவருக்கு ஆசிரியராயிருந்தார். பின்னாளில் சென்னை ஆளுநரான தோமஸ் மன்றோவும் அவருக்குக் கற்பித்தவரே. தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் சிறுவயதிலேயே அவருக்கு வசப்பட்டன. தமிழ்ப் பிள்ளைகள் நடுவே வளர்ந்த அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, நம்மவரின் நல்லதையும் கெட்டதையும் கிட்ட நின்று கண்டது. பின்வந்த பல நீதிபதிகளுக்கு இல்லாத வாய்ப்பு இது.

1792இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அலெக்சாந்தர் சட்டம் படித்தார். 1799இல் லூயிசா கம்பெல் என்ற பெண்ணை மணந்தார். இந்தப் பெண்ணின் தந்தை வில்லியம் கம்பெல் பிரபு, அமெரிக்காவின் தென் கரோலினாவிலே ஆங்கிலேய அரசனின் கடைசி ஆளுநராயிருந்தவர். தாயோ அங்கே சார்ள்ஸ்ரன் நகரத்தின் செல்வக் குடும்பமாகிய இசார்ட் குடும்பத்தவர். அந்தச் செல்வமெல்லாம் அடிமைகளின் வியர்வையிலே விளைந்தது. பிற்காலத்தில் அமெரிக்க ஐக்கியத்தை விட்டு முதன்முதல் பிரிந்த மாநிலமும், 1861இல் போரின் முதற்குண்டு வெடித்த துறைமுகமும் இவைதான். வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்க.

பின் இலங்கைக்கு வந்து அரச சட்டத்தரணியாகவும் நீதிபதியாகவும், 1811 முதல் பிரதம நீதியரசராகவும் பணிபுரிந்தார். நாம் பட்ட கடன் என்றேனே, அது இதுதான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது முதல் கத்தோலிக்கர் ஒளித்திருந்தே திருப்பலி கண்டனர். குருக்களை வீட்டில் மறைத்து வைத்தலும் குற்றமாயிருந்தது. ஆங்கிலேயர் வந்தபின்பும் ஒல்லாந்தரின் சட்டங்கள் ஏட்டில் அப்படியே கிடந்தன. மெயிற்லண்ட் ஆளுநராயிருந்த 1806இல் அவை நீக்கப்பட்டன. நம் சமயத்தை வெளிப்படையாய் அனுசரிக்கவும், அரசாங்க உத்தியோகம் பெறவும் உரிமை வந்தது. நம் திருமணங்களும் சட்டத்தின்முன் செல்லுபடியாயின. இதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் ஜோன்ஸ்ரன். இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்கோ இத்தகைய விடுதலை 1829இல்தான் கிடைத்தது.

அதே 1806இல் அரசாங்கம் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தது. நமது காணியுரிமையும் முதுசமும் சீதனமும் காப்பாற்றப்பட்டன. ஆனால் அடிமைப் பகுதியும் அதனோடு சேர்ந்தே வலுப்பெற்றது! ஒரு கையால் கத்தோலிக்கரை விடுவித்த ஆண்டு, மறுகையால் அடிமைக்கு முடிச்சை இறுக்கிற்று என்றால் மிகையாகாது.

ஜோன்ஸ்ரன் அந்த முடிச்சைக் கத்தியால் வெட்டப் பார்க்கவில்லை. 1806 தொடங்கிப் பத்து ஆண்டுகள் அடிமைச் சொந்தக்காரரோடு பேசிப் பேசி வழிதேடினார். 1811இல் யூரிமார் முன்னிலையில் வழக்கு விசாரிக்கும் முறையை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து, ஒல்லாந்த வழியினர்க்கு மட்டுமன்றிச் சுதேசிகளுக்கும் அந்த உரிமையை வழங்கினார். அடிமைகளை வைத்திருந்தவர்களே பெரும்பாலும் யூரிமாராக அமர்ந்தவர்கள். சுதந்தர மனிதருக்குரிய பெருமையைப் பெற்றுக்கொண்டவர்கள், தம் வீட்டு வாசலிலே பிறக்கும் குழந்தையை மட்டும் அடிமையாக வைத்திருப்பது தகுமா என்பதே அவர் அவர்களிடம் வைத்த நியாயம். மரியாதை கொடுத்தே மனத்தை இளக்கினார். 1816இல் கொழும்பிலே ஒல்லாந்த வழியினரான யூரிமாரும், அவர்களைப் பின்பற்றிப் பிறரும், அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் சுதந்தரர் என்று தாமாகவே தீர்மானித்தனர். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் பலரும் அதிலே சேர்ந்தனர். அது இங்கிலாந்து அரசிளங்குமாரரின் பிறந்தநாள். பிள்ளைகளுக்குப் பதினான்கு வயது வரை சோறும் துணியும் சொந்தக்காரரே கொடுக்கவேண்டும் என்பதும் ஏற்பாடு.

இதன் குறையையும் சொல்லவேண்டும். பிள்ளைக்கு விடுதலை, தாய்க்கு இல்லை. தன் குழந்தைக்குப் பாலூட்டிய அடிமைப்பெண் அடிமையாகவே சாகவேண்டியிருந்தது. எல்லாரும் தீர்மானத்தில் கையொப்பமிடவும் இல்லை. குறிப்பாக வடக்கிலே ஆயிரக்கணக்கானோர் விலங்கோடிருந்தனர். ஜோன்ஸ்ரன் 1819இல் நாட்டைவிட்டுப் போனபின், 1821இல் அரசாங்கம் இன்னொரு சட்டம் செய்தது. அச்சட்டம் பெயர்குறித்த கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சமூகங்களிலே அடிமைத்தாய்க்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசாங்கமே விலைகொடுத்து மீட்டது. விலை என்ன தெரியுமா? ஒரு குழந்தைக்கு மூன்று இறைசால், அல்லது இரண்டு. இரண்டா மூன்றா என்பதைக் குழந்தையின் சாதி தீர்மானித்தது. விடுதலை செய்யும் சட்டத்திலும் சாதிக்கொரு விலை!

1833இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அடிமைத்தனத்தை ஒழித்தது. சொந்தக்காரருக்கு நட்டஈடாக இரண்டு கோடி பவுண் கொடுத்தது. ஆனால் இலங்கையை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. இங்கே முழு ஒழிப்பு வந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால். அப்போது பெரும் ஆரவாரம் எதுவுமில்லை. 1816இலும் 1821இலும் அடிமரத்தை அறுத்தாயிற்று. மரம் தானே பட்டுப்போயிருந்தது.

அமெரிக்காவிலும் இதே வழியைச் சிலர் அறிந்திருந்தனர். பென்சில்வேனியா 1780லேயே பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலைச் சட்டம் செய்தது. ஆனால் 1793இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் வந்ததும் தெற்கிலே பருத்தி பொன்னாயிற்று. பொன் கண்டவன் நியாயம் கேட்பானா? புதிய மாநிலம் ஒவ்வொன்றும் சேரும்போது, அங்கே அடிமை உண்டா இல்லையா என்று சண்டை. 1820இல் ஒரு சமரசம், 1850இல் இன்னொன்று. 1854இல் முதற்சமரசம் உடைந்தது. 1857இல் கறுப்பருக்குக் குடியுரிமையே இல்லையென்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1860இல் லிங்கன் தெரிவானதும் தெற்கு பிரிந்தது. அப்போது அங்கே அடிமைகள் ஏறக்குறைய நாற்பது இலட்சம்.

நம் திருச்சபையும் இதிலே தலைநிமிர்ந்து நிற்கவில்லை. 1839இல் பாப்பரசர் 16ஆம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் சார்ள்ஸ்ரன் ஆயர் யோன் இங்கிலண்ட், அந்தக் கண்டனம் வியாபாரத்துக்கே அன்றி வீட்டடிமைக்கு அல்ல என்று விளக்கம் எழுதினார். முந்திய ஆண்டுதான் அமெரிக்க யேசு சபையார் 272 அடிமைகளை விற்றிருந்தனர். பிற்காலத்தில் அச்சபையார் இதற்கு மன்னிப்புக் கேட்டனர்.

ஜோன்ஸ்ரன் ஆங்கிலநாட்டிலே ஓய்ந்திருக்கவில்லை. 1823இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்தை நிறுவியோரில் அவரும் ஒருவர். இந்தியரும் இலங்கையரும் தம் நாட்டு நிருவாகத்திலே இடம்பெறவேண்டுமென்று தொடர்ந்து வாதாடினார். 1849 மார்ச் 6ஆம் நாள் இலண்டனில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளின்பின் அவர் மனைவியின் தாய்வழியார் ஊரிலே பீரங்கி முழங்கிற்று.

இங்கே பீரங்கி முழங்கவில்லை, உண்மை. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு ஒரு பரப்புக் காணியும் கிடைக்கவில்லை. குடியிருந்த நிலம் பழைய எசமானுடையது, தண்ணீர் அள்ளிய கிணறு எசமானுடையது. அடிமை போயிற்று, குடிமை போகவில்லை. நம் ஆலயங்களிலேயே யார் முன்னே இருப்பது, யார் பின்னே இருப்பது என்ற வழக்கு நீண்டகாலம் நின்றது. பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்க 1957இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டம் வந்து பதினோராண்டின் பின்பும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலிலே மக்கள் உள்ளே போகவிடக் கேட்டு நின்றனர்.