கிருமியை ஊசியாகப் போட்டு கேன்சரோடு மோதிய டாக்டர்... யார் இந்த வில்லியம் கோலி?

1890-ல் நியூயார்க்கில் இளம் சர்ஜன் வில்லியம் கோலியிடம் 17 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கையில் எலும்புப் புற்றுநோய். கையை வெட்டி எடுத்தும் சில மாதங்களில் இறந்துபோனார். அந்த மரணம் கோலியை உலுக்கியது.

பழைய ஃபைலில் கிடைத்த துப்பு

மருத்துவமனை ஃபைல்களைப் புரட்டினார். கழுத்துக் கட்டி திரும்பத் திரும்ப வளர்ந்த ஒருவருக்கு, தோலில் கிருமித் தொற்று ஏற்பட்டு கடும் காய்ச்சல். அதோடு கட்டியும் மறைந்திருந்தது! தெருத்தெருவாகத் தேடி ஆளைக் கண்டுபிடித்தார் கோலி. 7 வருஷம் கழித்தும் நல்லாவே இருந்தார்.

1891-ல் அதே வகைக் கிருமியை நோயாளிக்கு ஊசி போட்டார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் தொற்றிலேயே இறந்தனர். பிறகு செத்த கிருமிகளுக்கு மாறினார்.

ஏன் ஓரங்கட்டப்பட்டார்?

எல்லாருக்கும் பலிக்கவில்லை. காரணத்தையும் நிரூபிக்க முடியவில்லை. ரேடியேஷன் சிகிச்சை வந்ததும் இவர் முறை பின்னுக்குப் போனது. 1936-ல் கோலி இறந்தார்.

கட்டிக்குள் நுழையும் எதிர்ப்பு செல்களுக்குக் கட்டியே பிரேக் போடுகிறது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அந்த பிரேக்கை விடுவிக்கும் வழிக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் சொந்தப் படையே கேன்சரைத் தாக்கும் என்ற கோலியின் நம்பிக்கை வீண்போகவில்லை.