ஹெடி லமார் அம்மையார்

நடிகையென்றே உலகம் போற்றிய இவ்வம்மையாரை யாம் ஈண்டு நினைப்பது பிறிதொரு காரணம்பற்றி. 1914-இல் வியன்னாவிற் பிறந்தவர். படைக்கல வணிகர் மாண்டிலை மணந்து, 1937-இல் நீங்கி, அமெரிக்கா சேர்ந்தார். வானொலியாற் செலுத்தப்படும் டார்ப்பிடோவை, அதே அதிர்வெண்ணில் இரைச்சலெழுப்பிப் பகைவர் வழிதிருப்பிவிடலாமன்றோ? அம்மையாரும் இசைவாணர் ஜார்ஜ் ஆன்டைலும் இதற்கு மாற்றுக் கண்டனர். அனுப்பும் கருவியிலும் ஏற்கும் கருவியிலும் ஒரேவிதமாகத் துளையிட்ட காகிதச் சுருள்கள் ஒருங்கே சுழல, அதிர்வெண் 88 நிலைகளுள் மாறிமாறித் தாவும். பகைவன் எதனைத் தடுப்பான்? பியானோவின் கட்டைகளும் 88 என்பது நயமுடைத்து. 1942-இல் காப்புரிமை கிடைத்தும், அமெரிக்கக் கடற்படை அப்போரில் அதனைக் கைக்கொண்டிலது. அம்மையார் விற்றுத்தந்த போர்ப்பத்திரங்களை மட்டும் அரசு உவந்தேற்றது. அறிவினும் அழகே வேண்டப்பட்டது போலும்! 1959-இல் உரிமை காலாவதியாயிற்று. ஒரு காசும் வந்திலது. 1997-இல், அவர்தம் 82-ஆம் வயதில், இதன்பொருட்டு விருதொன்று வழங்கப்பெற்றது. மைந்தரே சென்று அதனைப் பெற்றுவந்தார். 2000-இல் அம்மையார் மறைந்தார்.