தோரா வாசிக்கத் தடை... சத்தியாகிரகத்தில் இறங்கிய 'யூத காந்தி'! யார் இந்த ஏ.பி.சேலம்?

கொச்சி மட்டாஞ்சேரிக்கு டூர் போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம், 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம். அந்தப் பகுதியில் ஒரு தெருவுக்கு ஏ.பி.சேலம் என்று பெயர். நம்ம ஊர் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

தோரா வாசிப்பு என்றால் என்ன?

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள்தான் தோரா. கையால் எழுதிய சுருளில் இருந்து, வாரம் ஒரு பகுதியாக, சனிக்கிழமை ஓய்வுநாளில் சபையின் முன் வாசிப்பார்கள். ஓராண்டில் முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்கள். வாசிக்க அழைக்கப்படுவது பெரிய கௌரவம்.

சேலத்துக்கு ஏன் மறுக்கப்பட்டது?

1882-ல் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம், 'மெஷுக்ராரிம்' பிரிவைச் சேர்ந்தவர். எபிரேயத்தில் இதற்கு 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பொருள். ஒரு காலத்தில் யூதக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள் என்பதால் இந்தப் பெயர்.

இவர்கள் ஆலயத்தின் உள்ளே மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியாது. தோரா வாசிக்க முடியாது. 'வெள்ளை யூதர்' பிரிவில் பெண் எடுக்கவும் முடியாது. எகிப்தின் அடிமைகள் விடுதலையான கதையை ஆண்டுதோறும் வாசிக்கிற அதே ஆலயத்தில்தான் இத்தனையும் நடந்தது!

என்ன செய்தார்?

சென்னையில் சட்டம் படித்த சேலம், எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சமஸ்தான சட்டசபையில் இரண்டு முறை உறுப்பினராக இருந்தார். 1929-ல் முழு சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

வெளியே சுதந்திரம் கேட்டவர், தன் ஆலயத்துக்குள் நடந்த பாகுபாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் ஆலயத்தைப் புறக்கணித்தார். சத்தியாகிரக வழியைக் கையில் எடுத்தார். அதனால்தான் 'யூத காந்தி' என்ற பெயர் வந்தது. பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டம் (1924-25) நடந்ததும் இதே வட்டாரத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே கோயிலைச் சுற்றியிருந்த தெரு. இங்கே ஆலயத்துக்குள் ஓர் இருக்கை. கேள்வி ஒன்றுதான்.

ஜெயித்தாரா?

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. 1930-களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு தோரா வாசிக்கும் உரிமையும் கிடைத்தது. 1950-ல் அவருடைய மகனே வெள்ளை யூதர் பிரிவுப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

ஆனால், உரிமை கிடைத்த கொஞ்ச காலத்திலேயே ஊர் காலியாகத் தொடங்கியது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடியேறினார்கள். அவர்கள் அங்கே போக உதவிய சேலம், தான் மட்டும் போகவில்லை. 1967-ல் இறக்கும்வரை கொச்சியிலேயே வாழ்ந்தார்.

ஒரு காலத்தில் சமமாக உட்கார இடம் கிடைக்காத ஆலயத்துக்கு, இன்று அவர் பெயர் தாங்கிய தெருவைத் தேடித்தான் ஊர் உலகமே வருகிறது.