சென்னை வானில் ஆசியா

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் எண்ணற்ற சிறுகோள்களுள் ஒன்றன் பெயர் ஆசியா. அது முதன்முதலாகக் கண்ணிற்பட்ட இடம் நம் சென்னை நுங்கம்பாக்கம்; கண்டவர் நார்மன் இராபர்ட் போக்சன்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1829இல் பிறந்த போக்சன், ஆக்ஸ்போர்டில் பணியாற்றியபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்தவர். விண்மீன்களின் ஒளியை அளக்க 1856இல் அவர் வகுத்த அளவுமுறையே இன்றும் வழக்கில் உள்ளது. அதன்படி, ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடாகும்.

1861இல் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று ஆசியா அகப்பட்டது. ஒளிப்படத்தின் துணை இல்லாத காலம் அது. தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்படின், அது இரவுக்கு இரவு இடம்பெயர்கிறதா எனக் காத்திருந்து காண வேண்டும். கண்பார்வையும் பொறுமையுமே கருவிகள் எனலாம். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் ஆதலின் அப்பெயர் பெற்றது. அதன் வரிசை எண் 67. கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகள் ஆகின்றன. பின்னர்ச் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டார்.

மகள் ஐசிஸ் 1873 முதல் வானாய்வக உதவியாளராகத் தந்தைக்குத் துணைநின்றார். 1886இல் இலண்டன் இராயல் வானியல் கழகத்திற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் ஏற்கப்படவில்லை. 1920இல்தான் அக்கதவு அவருக்குத் திறந்தது.

போக்சன் அதனைக் காணவில்லை. முப்பது ஆண்டுகள் தாயகம் திரும்பாமல் உழைத்த அவர், 1891இல் சென்னையிலேயே மறைந்தார். அவர் எடுத்த விண்மீன் அளவீடுகளில் ஒரு பகுதி அதன் பின்னரே அச்சேறியது.